சொல்லும் கலமும்: போர்க்காலக் கடற்படை மகளிரின் குளிர்காலப் பயிற்சி

பிழையொன்றிலிருந்து இவ்வுரையைத் தொடங்குகிறோம். அப்பிழை நம்முடையது.

பல ஆண்டுகளுக்கு முன்னர், மொழிபெயர்ப்பு வகுப்பொன்றில் மாணவர்களுக்கு ஓர் ஆங்கிலப் பத்தியைப் பயிற்சியாகக் கொடுத்திருந்தோம். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த பெண்களின் பயிற்சியை விவரிக்கும் பத்தி அது. அப்பெண்கள் விடியுமுன் எழுந்து ‘டெக்’கைத் தேய்த்துக் கழுவினர், ‘லேடர்’ வழியே இறங்கினர், உறைந்த தெருவில் அணிவகுத்து நடந்தனர் என்று அதில் கூறப்பட்டிருந்தது. மாணவியொருவர் ‘தரையைக் கழுவினர், படிக்கட்டில் இறங்கினர்’ என்று எழுதியிருந்தார். நாம் அவற்றைச் சிவப்பு மையால் அடித்து, ‘கப்பலின் மேல்தளம்’, ‘ஏணி’ என்று திருத்தி இரண்டு மதிப்பெண்களைக் குறைத்தோம். கப்பலில் இருந்தவர்கள் உடனே தெருவில் நடப்பது எங்ஙனம் என்று அவர் கேட்டார். கப்பல் கரை சேர்ந்திருக்கும் என்று சொல்லி, அக்கேள்வியை நாம் கடந்து சென்றோம்.

கப்பல் கரை சேரவில்லை. அங்குக் கப்பலே இல்லை. அப்பெண்கள் இருந்தது நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில், அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில். தரையைத் ‘தளம்’ என்றும் படிக்கட்டை ‘ஏணி’ என்றும் வழங்குமாறு அவர்கள் பணிக்கப்பட்டிருந்தனர். மாணவி கண்டது பொருள். நாம் கண்டது சொல் மட்டுமே. கடலையே காணாத கட்டடத்தில் கப்பலின் மொழி ஏன் புகுத்தப்பட்டது என்னும் வினாவே இவ்வுரையின் மையமாகும்.

1. திறந்த சொல்லும் அடைத்த சொல்லும்

அமெரிக்கக் கடற்படையில் பெண்கள் சேர்ந்த வரலாறு ஒரு வகையில் சட்டச்சொற்களின் வரலாறாகும். 1916ஆம் ஆண்டின் கடற்படைச் சட்டம், சேமப்படையில் சேர்வதற்குரியோரைக் குறிக்கும்போது ‘ஆண்கள்’ என்று சொல்லவில்லை. ‘ஆட்கள்’ என்னும் பொதுச்சொல்லையே ஆண்டது. அக்காலக் கடற்படைச் செயலாளர் ஜோசபஸ் டேனியல்ஸ் இச்சொல்லைப் பற்றிக்கொண்டார். எழுத்தர் பணியாற்றுபவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் கூறுகிறதா என வினவினார். கூறவில்லை என்பதே விடையாயிற்று. 1917 மார்ச்சில் லொரெட்டா வால்ஷ் என்னும் பெண் முதலில் சேர்க்கப்பட்டார். முதல் உலகப் போர் முடிவதற்குள் 11,000க்கும் மேற்பட்ட பெண்கள் அவ்வாறு பணியாற்றினர்.

தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும். தொல்காப்பியம் உயர்திணையை ஆண்பால், பெண்பால், பலர்பால் என முப்பாலாகப் பகுக்கிறது. ‘வந்தார்கள்’ என்னும்போது வந்தோர் ஆடவரா மகளிரா என்பதை வினைமுற்று காட்டுவதில்லை. டேனியல்ஸ் கண்ட சொல்லும் அத்தகைய பொதுமை உடையதே. சட்டம் இயற்றியோர் பெண்களை எண்ணிப் பார்த்து அச்சொல்லை இட்டனர் என்று கொள்வதற்கில்லை. எண்ணாது இட்ட பொதுச்சொல்லே கதவாயிற்று.

கதவைக் கண்டுகொண்ட பின்னர் அதனை அடைத்தனர். 1925ஆம் ஆண்டின் சேமப்படைச் சட்டத்தில் ‘ஆண் குடிமக்கள்’ என்று வரையறுக்கப்பட்டது. அடையாகச் சேர்க்கப்பட்ட ஒரு சொல்லே போதுமானதாயிற்று. இரண்டாம் உலகப் போர் மூண்டபோது அதே வாயில் வழியே பெண்கள் நுழைய இயலவில்லை. புதிய சட்டம் தேவைப்பட்டது. 1942 ஜூலை 30ஆம் நாள் அதிபர் ரூஸ்வெல்ட் அதில் கையொப்பமிட்டார். வெல்லெஸ்லி கல்லூரியின் தலைவராக இருந்த மில்ட்ரெட் மெக்காஃபி அடுத்த சில நாள்களில் புதிய பிரிவின் தலைமையை ஏற்றார்.

2. பெயர் முன், விரிவு பின்

இப்பிரிவின் பெயர் ‘வேவ்ஸ்’, அதாவது அலைகள். ‘அவசரகாலத் தன்னார்வப் பணிக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட பெண்கள்’ என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் இப்பெயர் ஆனது என்பர். உண்மையில் நிகழ்ந்தது இதன் மறுதலை. பெயரை ஆக்கியவர் பர்னார்ட் கல்லூரியின் ஆங்கிலப் பேராசிரியர் எலிசபெத் ரெய்னார்ட். பெண்கள், தன்னார்வம் ஆகிய இரு கருத்துகளின் முதலெழுத்துகளும் இடம்பெற வேண்டும். கடலோடு இயைபும் வேண்டும். அவ்வாறு அமையும் சொல்லைத் தேடி ‘அலைகள்’ என்பதைக் கண்டு, அதற்கேற்ற தொடரைப் பின்னர் நிரப்பினார்.

அத்தொடரில் ‘அவசரகாலம்’ என்னும் சொல் சேர்க்கப்பட்டதற்குக் காரணம் உண்டு. பெண்கள் நிலையாக இருக்கப் போவதில்லை, நெருக்கடி தீர்ந்ததும் சென்றுவிடுவர் என்று முதிய தளபதிகள் ஆறுதல் கொள்வதற்காகவே அது இடப்பட்டதென ரெய்னார்ட் பின்னர் விளக்கினார். பெயர் வரவேற்றது, அதன் விரிவோ வெளியேறும் நாளையும் உடன் குறித்தது.

இத்தகைய பெயர்கள் வேறும் உள. அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் மகளிர் ‘ஸ்பார்ஸ்’ எனப்பட்டனர். அப்படையின் இலத்தீன் முழக்கமும் அதன் ஆங்கிலப் பொருளும் தந்த முதலெழுத்துகளிலிருந்து டோரதி ஸ்ட்ராட்டன் இதனை ஆக்கினார். கப்பலின் பாய்மரக் கழிக்கும் ஆங்கிலத்தில் ‘ஸ்பார்’ என்பதே பெயர். பிரிட்டனில் 1917இல் தொடங்கி, 1919இல் கலைக்கப்பட்டு, 1939இல் வேரா லாட்டன் மேத்யூஸ் தலைமையில் மீண்டும் எழுந்த மகளிர் கடற்படைப் பிரிவினர் ‘ரென்’ எனப்பட்டனர். அப்பிரிவின் முதலெழுத்துகளுக்கு இடையே ஓர் உயிரொலியைப் பெய்தால் சிறு குருவியொன்றின் பெயர் கிடைக்கும். ஆண் வீரர்களுக்கு இத்தகைய செல்லப்பெயரைக் கடற்படை தேடவில்லை என்பது சிந்திக்கத்தக்கது.

3. கல்லூரி கப்பலானது

பல்லாயிரம் பெண்களைப் பயிற்றுவிக்க இடம் வேண்டும். கடற்படை கல்லூரிகளை நாடியது. அதிகாரிகளாகத் தெரிவுசெய்யப்பட்டோர் மாசசூசெட்ஸ் மாநிலம் நார்தாம்ப்டனில் உள்ள ஸ்மித் கல்லூரிக்கு அனுப்பப்பட்டனர். 1942ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் பயிற்சி தொடங்கியது. பிற நிலையினருக்குத் தொடக்கத்தில் வெவ்வேறு கல்லூரிகள் பயன்பட்டன. அவற்றுள் ஒன்று அயோவா மாநிலத்தின் சீடர் ஃபால்ஸ் நகரிலிருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. பின்னர் அடிப்படைப் பயிற்சி முழுவதும் ஓரிடத்தில் குவிக்கப்பட்டது. பிராங்ஸில் இருந்த ஹண்டர் கல்லூரி வளாகம் 1943 பிப்ரவரி 8ஆம் நாள் முறைப்படி கடற்படைப் பயிற்சிப் பள்ளியாயிற்று. பிப்ரவரி 17இல் ஏறத்தாழ 2,000 பெண்களைக் கொண்ட முதல் தொகுதி பயிற்சியைத் தொடங்கியது. அருகிலிருந்த அடுக்குமாடிக் கட்டடங்களைக் கடற்படை கையகப்படுத்தியது. குடியிருந்தோர் வெளியேற, பயிற்சியாளர் குடியேறினர். போர் முடியும்வரை 80,000க்கும் மேற்பட்ட பெண்கள் அங்குப் பயின்று வெளியேறினர்.

அவ்வளாகத்தை மக்கள் ‘யூ.எஸ்.எஸ். ஹண்டர்’ என்று அழைத்தனர். அம்முன்னொட்டு போர்க்கப்பல்களுக்கு உரியது. தரை ‘டெக்’, சுவர் ‘பல்க்ஹெட்’, படிக்கட்டு ‘லேடர்’, சமையற்கூடம் ‘கேலி’. குளியலறைக்கும் கழிப்பறைக்கும் ‘ஹெட்’, அதாவது ‘தலை’ என்று பெயர். பாய்மரக் கப்பல்களில் கழிப்பிடம் கலத்தின் முகப்பில் இருந்ததால் வந்த பெயர் அது. நம் மீனவர் வழக்கில் முகப்பை ‘அணியம்’ என்றும் பின்புறத்தை ‘அமரம்’ என்றும் கூறுவர். பிராங்ஸின் மூன்றாம் மாடியில் அணியமும் இல்லை, அமரமும் இல்லை. எனினும் ‘தலை’ இருந்தது. குடிநீர்க் குழாய் ‘ஸ்கட்டில்பட்’ எனப்பட்டது. முற்காலக் கப்பலில் குடிநீர் வைத்திருந்த பீப்பாயின் பெயர் அது. நீர் பருகக் கூடியோர் செய்தி பேசினர். ஆகவே அச்சொல்லுக்கு ‘வதந்தி’ என்னும் பொருளும் ஏற்பட்டது. நம் ஊர்க் கிணற்றடிப் பேச்சை இதனோடு ஒப்பிடலாம்.

கரையிலுள்ள கட்டடத்திற்குக் கப்பற்பெயர் இடும் வழக்கம் நம் நிலத்திற்கும் புதிதன்று. பிரிட்டிஷ் கடற்படை இத்தகைய இடங்களைக் ‘கல்லாலான போர்க்கப்பல்’ என்று விளையாட்டாகக் குறிப்பிடும். சிங்கப்பூரில் செம்பவாங் கடற்படைத் தளத்தின் படைவீடுகள் ‘எச்.எம்.எஸ். டெரர்’ என்னும் கப்பற்பெயரைத் தாங்கி நின்றன. அத்தளத்தில் தொழில் செய்த இந்தியர்களின் பெயரர்கள் இவ்வுரையைப் படிப்போருள்ளும் இருக்கலாம். மலேசியாவில் லுமுட் பயிற்சி நிலையமான ‘கே.டி. பெலாண்டோக்’கின் முன்னொட்டுக்கு ‘அரச கப்பல்’ என்பதே பொருள். அது மிதப்பதில்லை என்பது யாவரும் அறிந்ததே.

4. பனி என்னும் சொல்லும் பயிற்சிக் களமும்

முதல் தொகுதியினர் வந்த நாள் நம் கணக்கில் மாசித் திங்களின் தொடக்கம். மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம் எனத் தமிழ் மரபு வகுத்துள்ளது. ஆனால் தமிழகத்துப் பின்பனியும் நியூயார்க்கின் பிப்ரவரியும் ஒன்றல்ல. ‘பனி’ நம் மொழியில் பொருட்பரப்பு அகன்ற சொல். புல்நுனித் துளியும் பனி. விடியலில் வழியை மறைப்பதும் பனி. வானிலிருந்து வெண்மையாக வீழ்வதும் பனி. நீர் உறைந்து இறுகுவதும் பனி. ஆங்கிலம் இந்நான்கிற்கும் நான்கு தனிச்சொற்களைக் கொண்டுள்ளது. நம் மாணவர் ‘பனியில் நடந்தனர்’ என்று எழுதினால், கேமரன் மலையின் காலைப்பொழுதைப் போன்ற ஒன்றையே வாசிப்போர் உள்ளத்தில் காண்பர். ‘வெண்பனி’, ‘உறைபனி’, ‘பனிக்கட்டி’, ‘மூடுபனி’ எனப் பிரித்தெழுதுவது இங்கு அலங்காரத்திற்காக அன்று, உண்மைக்காக.

வெண்பனி புதிதாக வீழ்ந்திருக்கும்போது காலடி அழுந்தும். நடப்பது கடினம், வழுக்குவது குறைவு. அதுவே மிதிபட்டு இரவில் இறுகினால் தெரு கண்ணாடியாகும். அணிநடையின் இலக்கணமோ அனைவரும் ஒரே நேரத்தில் ஒரே அளவில் குதிகாலை ஊன்றுவது. ஒருவர் சறுக்கினால் வரிசை குலையும். ஆகவே குளிர்காலத்தில் அணிநடை உடற்பயிற்சியாக மட்டும் நில்லாது, அருகில் நடப்பவரின் அடியைக் கவனித்து நடக்கும் பயிற்சியாகவும் ஆகிறது. ஹண்டர் வளாகத்தின் மேற்கே ஜெரோம் பூங்கா நீர்த்தேக்கம் பரந்து கிடக்கிறது; காற்றைத் தடுக்க அத்திசையில் எதுவுமில்லை. பெரிய அணிவகுப்புகளுக்குக் கூரையுடைய கிங்ஸ்பிரிட்ஜ் படைக்கூடம் அருகிலேயே கிடைத்தது பெரும் உதவியாயிற்று.

உடை மற்றொரு செய்தி. சீருடையை வடிவமைத்தவர் புகழ்பெற்ற ஆடை வடிவமைப்பாளர் மெயின்போஷே. கருநீல மேற்சட்டை, அளவான பாவாடை, சிறு தொப்பி. அதிகாரிகளின் கைப்பட்டை ஆண்களுக்குப் பொன்னிறத்தில் இருக்க, பெண்களுக்கு வெளிர்நீலத்தில் இடப்பட்டது. தொப்பிக்கு மேல் அணிந்து கழுத்தையும் மூடும் மழையுறை ஒன்றும் இருந்தது. முதலில் வந்தோர் பலர் சீருடை கைக்கு வரும்வரை வீட்டு உடையிலேயே அணிவகுத்தனர். காற்சட்டை அணியாது பாவாடையும் காலுறையும் அணிந்து உறைபனியில் நிற்பது என்ன என்பதை, ஆண்டு முழுதும் வெயிலில் வாழும் நாம் சற்று முயன்றே கற்பனை செய்ய வேண்டியுள்ளது.

ஏறத்தாழ ஆறு வாரப் பயிற்சியில் பதவிநிலைகள், கப்பல் வகைகள், வானூர்தி வகைகள், கடற்படை மரபு, வரலாறு ஆகியவை கற்பிக்கப்பட்டன. மணியை இருபத்துநான்கு எண்ணால் சொல்லவும் பழகினர். பின்னர் தேர்வுகளின் அடிப்படையில் தொழிற்பள்ளிகளுக்குப் பிரிந்து சென்றனர். கம்பியில்லாத் தந்தி, வானிலை நோக்கல், விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரப் பணி, வான்குடை மடித்தல், மருத்துவமனைப் பணி, கணக்கு, பகைவரின் மறைகுறிகளை உடைத்தல் எனப் பணிகள் பல. 1945இல் அவர்தம் எண்ணிக்கை ஏறத்தாழ 86,000 ஆயிற்று.

5. கப்பல்மொழியின் பயனும் எல்லையும்

இனி நம் வினாவிற்கு வருவோம். தரையைத் ‘தளம்’ என்பதால் என்ன பயன்?

முதற்பயன் நடைமுறை சார்ந்தது. இப்பெண்கள் செல்லவிருந்த அலுவலகங்களிலும் விமானத் தளங்களிலும் ஆண்கள் இம்மொழியையே பேசினர். கட்டளை பிறந்தவுடன் பொருள் விளங்க வேண்டும். ஆறு வாரத்தில் அது பழக வேண்டுமாயின் நாள் முழுதும் அச்சொற்களாலேயே வாழ வேண்டும். மொழி கற்பிக்கும் ஆசிரியர்க்கு இது புதிய கருத்தன்று. சொற்பட்டியலை மனனம் செய்வதினும் அம்மொழி வழங்கும் சூழலில் உறைவதே விரைந்து பயனளிக்கும்.

இரண்டாவது பயன் குழுவுணர்வு. பண்ணை மகளும் கல்லூரிப் பட்டதாரியும் கடைப்பணியாளரும் ஒரே அறையில் வாழ்ந்தனர். அனைவர்க்கும் ஒருசேரப் புதிதான மொழியில் எவரும் பிறரினும் மேலாக இருப்பதில்லை. தொழிற்குழுக்களின் தனிமொழியைத் தமிழ் இலக்கணம் ‘குழூஉக்குறி’ என்று வகைப்படுத்தும். குழூஉக்குறி பொருளை மறைப்பதற்கு மட்டுமன்று. ‘நம்மவர்’ எவர் என்பதை அறிவிப்பதற்கும் உரியது.

ஆயினும் அந்த ‘நம்மவர்’ என்னும் வட்டத்திற்கு வெளியே நிறுத்தப்பட்டோர் இருந்தனர். கறுப்பினப் பெண்களுக்கு இப்பிரிவின் வாயில் இரண்டாண்டுகளுக்கு மேல் அடைபட்டே கிடந்தது. 1944 அக்டோபரில்தான் அனுமதி வந்தது. ஹேரியட் பிக்கன்ஸ், பிரான்செஸ் வில்ஸ் ஆகிய இருவரும் ஸ்மித் கல்லூரியின் இறுதித் தொகுதியில் சேர்ந்து, பனிக்காலப் பயிற்சியை முடித்து, டிசம்பர் 21ஆம் நாள் அதிகாரிகளாயினர். தனிப் படைக்குழு அமைக்கும் அளவிற்கு ஆள் சேராமையால் ஹண்டரிலும் கறுப்பினப் பெண்கள் ஏனையோருடனே பயின்றனர். போர் முடிவதற்குள் சேர்ந்தோர் 72 பேர் மட்டுமே.

சேர்ந்தவர்க்கும் எல்லை இருந்தது. 1942ஆம் ஆண்டின் சட்டம் பெண்களைப் போர்க்கப்பலிலோ போர் விமானத்திலோ பணியமர்த்தலாகாது என்றது. அமெரிக்கக் கண்டப் பரப்பிற்கு வெளியே அனுப்புவதையும் தடுத்தது. 1944 செப்டம்பரில் ஹவாய், அலாஸ்கா முதலிய இடங்களுக்கு இசைவு கிடைத்தது, கப்பலுக்குக் கிடைக்கவில்லை. கப்பலின் ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் அவர்கள் கற்றனர். கப்பலில் கால்வைக்கும் பணி மட்டும் அவர்களுக்கில்லை. சொல்லைத் தந்தார்கள், கலத்தைத் தரவில்லை. நம் மாணவியின் பத்தியில் இருந்த உண்மையான செய்தி இதுவே. ‘கப்பலின் மேல்தளம்’ என்று திருத்தியபோது, வரலாறு அப்பெண்களுக்கு மறுத்த இடத்தை நாம் அறியாமல் வழங்கிவிட்டோம். அதனால் மறுப்பையே மறைத்துவிட்டோம்.

இத்தடை பெண்களைக் காப்பதற்காக என்று கூறப்பட்டதுண்டு. போர் அவ்வாறு எல்லை பார்ப்பதில்லை. பிரிட்டனின் ரென்கள் கடல்கடந்து அனுப்பப்பட்டனர். 1941இல் அவர்களுள் கம்பியில்லாத் தந்தியாளர் சிலர் சிங்கப்பூருக்கும் வந்து பணியாற்றினர். அதே ஆண்டு ஆகஸ்டில் ஜிப்ரால்டர் நோக்கிச் சென்ற ‘அகிலா’ என்னும் பயணக் கப்பல் நீர்மூழ்கியால் தாக்கப்பட்டபோது, அதிலிருந்த 21 ரென்களும் கடற்படைச் செவிலியர் ஒருவரும் உயிரிழந்தனர். செல்லப்பெயர் குருவியினுடையது, இறப்போ போர்வீரர்க்குரியது.

அமெரிக்காவில் 1948ஆம் ஆண்டின் சட்டம் பெண்களுக்குப் படையில் நிலையான இடமளித்தது. ‘அவசரகாலம்’ என்னும் சொல் அதனால் பொருளிழந்தது. 1978இல் போரிடாக் கப்பல்களிலும், 1994இல் போர்க்கப்பல்களிலும் பெண்கள் பணியேற்றனர். ஸ்மித் கல்லூரியில் பயின்று கணினி மொழிகளின் முன்னோடியாகத் திகழ்ந்த கிரேஸ் ஹாப்பரின் பெயரை 1997 முதல் ஒரு போர்க்கப்பல் தாங்கியுள்ளது. ஹண்டரின் முதல் வகுப்பிலிருந்து போர்க்கப்பல் வரையிலான தொலைவைக் கடக்க அரை நூற்றாண்டு ஆயிற்று.

6. தமிழில் எழுதுங்கால்

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் மூன்று கருத்துகளை முன்வைக்கிறோம்.

ஒன்று: சொல்லின் அகராதிப் பொருளோடு நில்லாது, அது வழங்கிய இடத்தைக் காண வேண்டும். இத்தகைய பத்திகளில் ‘தளம் என்று அவர்கள் அழைத்த தரை’ என முதன்முறை விரித்தெழுதினால் கட்டடமும் விளங்கும், கப்பல்மொழியும் விளங்கும்.

இரண்டு: பால்காட்டும் சொற்களில் விழிப்பு வேண்டும். ‘வீரர்’ என்பது பலர்பாலுக்கும் உயர்வொருமைக்கும் உரிய பொதுச்சொல். அதனை ஆடவர்க்கே உரியதாகக் கொண்டு, பெண் என்றதும் ‘வீராங்கனை’ என வேறாக்குவது எப்போதும் தேவையன்று. பொதுச்சொல் எத்துணை வலிமையுடையது என்பதை 1917ஆம் ஆண்டும், அடைமொழி எத்துணைக் கொடியது என்பதை 1925ஆம் ஆண்டும் நமக்குக் காட்டின.

மூன்று: ‘மாலுமி’ என்னும் சொல்லை நினைவிற்கொள்வோம். அது பால்காட்டாத சொல். கப்பல் செலுத்துபவரைக் குறிப்பது. அதன் மூலம் ‘முஅல்லிம்’ என்னும் அரபுச் சொல். அரபியில் அதன் முதற்பொருள் கற்பிப்பவர் என்பதாகும். மலாய்மொழியிலும் கப்பலின் வழிசெலுத்தும் அலுவலர் ‘முஆலிம்’ எனப்படுவார். வழியறிந்தவரே கற்பிக்கத்தக்கவர் என்னும் கருத்து அச்சொல்லில் அடங்கியுள்ளது.

அன்று வகுப்பில் வழியறிந்தவர் நாமல்லர். கப்பல் எங்கே என்று கேட்ட அம்மாணவி இன்று எங்கேனும் ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டிருக்கக்கூடும். அவரிடம் தவறாகக் குறைத்த இரண்டு மதிப்பெண்களை இவ்வுரையின் வாயிலாகத் திருப்பி அளிக்கிறோம். இதனை வாசிக்கும் ஆசிரியர்களை ஒன்று மட்டும் வேண்டுகிறோம். சிவப்பு மையை எடுக்குமுன், மாணவர் அவ்வாறு எழுதியதற்குக் காரணம் என்னவென்று ஒருமுறை கேளுங்கள்.